ஊட்டிப்பூ சிவந்த வருடம்

முதலாளியின் மகள் நித்யா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நர்சரியை இப்போது அவர்தான் பார்க்கிறார். செடிகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொரியரில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் செடியோடு ஒரு தாள் வைக்க வேண்டுமாம். ஹைட்ரேஞ்சியாவை எந்த மாதம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும் என்றார். இருபத்தாறு வருடம் அந்தச் செடியோடு கிடந்தவள் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே கருமத்தம்பட்டி அம்மா வந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு அந்தச் செடியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. தாளுக்கு வேண்டியதை நித்யாவே இதிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.

கோயமுத்தூரில் யாரும் அதை ஹைட்ரேஞ்சியா என்று சொல்வதில்லை. ஊட்டிப்பூ என்பார்கள், ஊட்டியில் வேறு பூவே பூக்காததைப் போல. இடுப்பு உயரப் புதர். கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவுக்குப் பூக்கும். மே மாதம் ஆனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு மலர்க் கண்காட்சிக்குப் போவார்கள். வரும்போது வர்க்கி பிஸ்கட், தைலம், ஒரு ஊட்டிப்பூத் தொட்டி. வர்க்கி மேட்டுப்பாளையம் வருவதற்குள் தீர்ந்துவிடும். தைலம் பல வருடம் வரும். செடி ஆனி மாதம் எங்களிடம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இந்தச் செடியின் பெயர்கூடத் தெரியாது. முதல் இரண்டு வருடம் பாக்கெட்டில் மண் நிரப்பினேன். அப்புறம் பதியன் போட விட்டார்கள். நான்காவது வருடம்தான் தண்ணீர் ஊற்ற விட்டார்கள். நர்சரியில் தண்ணீர் ஊற்றுவது பெரிய பதவி. ஊற்றத் தெரிந்தவர்கள் உண்டு, எப்போது ஊற்றாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டியும் தண்ணீர் கட்டியும் காலம் தள்ளியவர்கள். அதனால் எனக்கு மண் புதிதில்லை, தொட்டிதான் புதிது.

முதலாளி துரைசாமி சார் மரியாதைக்காரர். இந்த ஊரில் எல்லாரும் மரியாதைக்காரர்கள்தான், ஆனால் இவருடையது கொஞ்சம் முற்றியது. செடியை வெட்டும் முன்பு கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, "வெட்டீரலாமுங்களா" என்பார். என்னைக் கேட்கிறாரா செடியைக் கேட்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், நிறுத்தப்பட்டவருக்கு விஷயம் விளங்க மூன்று நாளாகும். ஒரு டிரைவர் தனக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வந்தார். சார் அதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

வாடிய ஊட்டிப்பூ வந்தால் சார் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விடுவார். பிறகு மூன்று கேள்வி. எந்தப் பக்கத்து வெயில் விழுகிறது, என்ன தண்ணீர், யார் ஊற்றுகிறார்கள். முதல் கேள்விக்கு மேற்கு வாசல் என்று பதில் வரும். இரண்டாவதுக்கு, போர்வெல் தண்ணீர். மூன்றாவதுக்கு, எல்லாரும். அதுதான் வியாதி. மத்தியான வெயிலில் அந்த இலை எவ்வளவு ஈரம் இருந்தாலும் தொங்கிப்போகும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துகொள்ளும். அதற்குள் வீட்டில் அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் பாவம் பார்த்து ஒரு சொம்பு ஊற்றிவிடுவார்கள். வேர் அழுகிப்போகும். கேட்டுக்கொண்டு சார் ஒரு தகரச் சீட்டில் பெயரையும் ஊரையும் ஆணியால் குத்திக் கொடுப்பார். நான் அதைத் தொட்டியில் கட்டிப் பின்வரிசையில், நிழல் வலைக்கு அடியில் வைப்பேன். அந்த வரிசைக்கு எங்களுக்குள் ஆஸ்பத்திரி என்று பெயர்.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று இலையைக் கிழித்துவிடும், அதற்குத் தட்டி கட்ட வேண்டும். காய்ந்த பூவை, அதற்குக் கீழே இரண்டு இலை விட்டு, ஆவணிக்குள் வெட்டிவிட வேண்டும். ஆவணி முடிந்த பிறகு கத்தரிக்கோலோடு அந்தப் பக்கமே போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் கிளையின் நுனியில் அடுத்த வருடத்துப் பூ உட்கார்ந்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, வெறும் குச்சி போல நிற்கும். எங்கள் ஜனங்கள் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அந்தக் குச்சியைப் பார்த்து, நல்ல நாளும் அதுவுமாக இது என்ன மூளியாக நிற்கிறது என்று ஒட்ட வெட்டிவிடுவார்கள். சித்திரையில் வந்து, ஏனுங்க பூக்கவே இல்லை என்பார்கள். நான் பொங்கலுக்கு வெட்டினீர்களா என்று கேட்பேன். அவர்களுக்கு நான் ஜோசியக்காரியாகத் தெரிவேன்.

நாச்சம்மாள் என்கிற அந்தக் கருமத்தம்பட்டி அம்மா வந்தது நான் சேர்ந்து பதினோராவது வருடம். நிலபுலம் வைத்துப் பண்ணையம் பார்த்து, பிறகு தறி போட்ட குடும்பம். காரிலிருந்து டிரைவர் தொட்டியை இறக்கினார். செடியில் நான்கு இலை மிச்சம். தொட்டிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. சார் மூன்று கேள்வியையும் கேட்டார். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்ற கேள்விக்கு அந்த அம்மா, வந்து போனவர்கள் எல்லாரும் என்றார். வீட்டுக்காரர் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் கால் கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில்தான் தொட்டி இருந்ததாம். வந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் காலுக்கு ஊற்றிய மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மே மாதம் இரண்டு பேரும் ஊட்டிக்குப் போனபோது அவர் வாங்கிக் கொடுத்த செடி அது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவராக நினைத்து எதுவும் வாங்கித் தந்ததில்லையாம். "நீலந்தான் வேணும்னு கடைக்காரங்கிட்டக் கேட்டு வாங்குனாருங்க. எனக்கு நீலம் புடிக்கும்னு அவருக்குத் தெரியும்ங்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அழவில்லை. ஒரு வருடம் வைத்திருந்து பூக்க வைத்துக் கொடுங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் செடியை நான் பிள்ளை போலப் பார்த்தேன் என்று எழுதினால் பொய்யாகும். மற்றச் செடிகளைப் போலத்தான் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து உருவி, அழுகிய வேரை அரிந்துவிட்டு, மண்தொட்டிக்கு மாற்றினேன். தகரச் சீட்டைப் பழைய தொட்டியிலிருந்து அவிழ்த்துப் புதியதில் கட்டினேன். ஆடியில் தளிர் விட்டது. கார்த்திகையில் நுனி தடித்தது. சித்திரையில் மூன்று கொத்து வைத்தது. பச்சையாக இருந்து வெளுத்து, பிறகு நிறம் ஏறியது. ஏறிய நிறம் ரோஸ்.

சாரிடம் சொன்னேன். வந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, செகப்புங்க" என்றார். அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. இந்தச் செடி மட்டும் மண்ணைப் பார்த்து நிறம் மாற்றும். ஊட்டி மண் போல அமில மண்ணாக இருந்தால் நீலம், சுண்ணாம்புச் சத்து ஏறினால் ரோஸ். அந்த அம்மா வந்தபோது இதைத்தான் அவரிடம் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்கூட்டுச் செம்பருத்தி முப்பது வருசமாச் செகப்புத்தானுங்க. அது ஒரு நாளும் மாறுனதில்லீங்க" என்றார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "தொட்டியும் என்னுது இல்லீங்க. பூவும் என்னுது இல்லீங்க. சீட்டு மட்டுந்தான் என்னுது. ஆரோ மாத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டி மாற்றியது யார் என்று சாரிடம் கேட்டார். சார் என் பெயரைச் சொன்னார். என் வீடு எங்கே என்று என்னிடம் கேட்டார். ஊரைச் சொன்னேன். எந்த வீதி என்றார். அதையும் சொன்னேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. திருட்டு என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மரியாதையான ஊர் என்று சொன்னேனே.

அவர் காரில் ஏறுவதற்கு முன்பு சார் ஒரு வருடம் டைம் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "சரோஜாங்க, அதே செடிய நீலத்துல பூக்க வெச்சுக் காட்டோணுமுங்க. இல்லாட்டி..." என்றார். இல்லாட்டி என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை. நாளைக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டேன். "வாங்க, வாங்க" என்றார். அதை அவர் எல்லாரிடமும் சொல்வார். பஞ்சாமிர்த டிரைவரிடமும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வேலையில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பங்களாக்களில் நான் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதத்தில் இரண்டு வீட்டிலும், அடுத்த வாரம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் அந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்றார். விட்டால் திருடியாகத்தான் வெளியே வர வேண்டும் என்றேன். எனக்கு அந்த அம்மாமீது கோபம் இருந்தது. செடியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றும் ஒரு நாள் தோன்றியது.

பூ ஓய்ந்த பிறகு, மண்ணை மாற்றுவதற்காகத் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். தொட்டியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு.

பொங்கலுக்கு நாங்களும் வெள்ளையடிப்போம். தொட்டிகளுக்குக் காவி அடித்து, வாய் விளிம்பில் சுண்ணாம்புப் பட்டை போடுவோம். அந்தப் பொங்கலுக்கு நான்தான் அடித்தேன். வேலை முடிந்து வாளியில் மிச்சச் சுண்ணாம்பு. வழியில் ஊற்றினால் கால் படும், கிணற்றடியில் ஊற்றினால் வழுக்கும். பின்வரிசைத் தொட்டிகளில் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்து ஊற்றிவிட்டேன். பூச்சி அண்டாது என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். அந்த வரிசையில் இருந்த மற்றவை செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை. அவை சுண்ணாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊட்டிப்பூ சொல்லிவிட்டது. பதினோரு வருடம் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா இது.

அன்றைக்கே சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தொட்டியை வாங்கி உள்ளே பார்த்தார். "செரிங்க" என்றார். இப்போது போய் அந்த அம்மாவிடம் சொன்னால், திருடியதை மறைக்க இன்னொரு கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார், பூ வரட்டும் என்றார். மறு வாரம் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த சொந்தக்காரரிடமிருந்து ஒரு மூட்டை மண் தருவித்தார். இனிமேல் தகரச் சீட்டைத் தொட்டியில் கட்டாமல் செடியின் அடித்தண்டில் கட்டச் சொன்னார். அந்த வருடம் அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை அதுதான்.

வேரைக் கழுவி, புதுத் தொட்டியில், அந்த மண்ணில் வைத்தேன். ஐப்பசியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை படிகாரம். சுண்டைக்காய் அளவுக் கட்டி ஒன்றை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து, மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் பொசுங்கும். நாட்டு மருந்துக் கடைக்காரர் நான் அடிக்கடி படிகாரம் வாங்குவதைப் பார்த்து, வீட்டில் யாருக்குக் கண்ணேறு என்று விசாரித்தார். செடிக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் விசாரிக்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. நர்சரியில் இருந்தது போர்த் தண்ணீர். அதிலேயே சுண்ணாம்பு உண்டு. எங்கள் வீதிக் குழாயில் சுண்ணாம்பு இல்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒரு தடவை வரும். அதில் இரண்டு குடம் செடிக்கு என்று பிடித்து வைத்து, தினமும் ஒரு கேனில் ஊற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் சாம்பார் உப்புத் தண்ணீரில் கொதித்தது. பருப்பு வேகவே வேகாது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்ப்பார், கேனைப் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் நர்சரியில் வெள்ளையடிக்கவில்லை. சார் அதற்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்திரையில் மறுபடி மூன்று கொத்து. பச்சை வெளுத்தது. தினமும் காலையில் போனதும் அதைத்தான் பார்ப்பேன். நிறம் ஏறத் தொடங்கியபோது ஒன்று நீலம். நல்ல நீலம். மற்ற இரண்டும் கத்தரிக்காய் நிறம். நீலமும் இல்லை, ரோஸும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. இன்னும் பத்து நாள் பார்த்தோம். அதற்கு மேல் மாறவில்லை.

நாச்சம்மாள் வரப்போகிற நாள் காலையில் சார் செடிக்கு முன்னால் வந்து நின்றார். "அந்த ரெண்டையும் எடுத்துப்போட்டா நல்லாருக்குமுங்களா" என்றார். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். அவர் எனக்காகத்தான் சொன்னார். நீலம் மட்டும் இருந்தால் அந்த அம்மா பார்ப்பார், சரி என்பார், பிரச்சினை முடியும். நான் கத்தரிக்கோலை வாங்கிக் கத்தரிக்காய் நிறக் கொத்துக்குக் கீழே இரண்டு இலை விட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. முழுக்க நீலமாகச் செடியைக் காட்டினால் அது எதற்குச் சாட்சி? ஊட்டிக்கு பஸ் ஏறினால் நீலச் செடி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். மாற்றி வைத்தவள் மறுபடி மாற்றி வைத்திருக்கிறாள் என்பார். ஒரே செடியில் நீலமும் கத்தரிக்காய் நிறமுமாக எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "வேண்டாமுங்க சார், இருக்கட்டும்" என்றேன். சார் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. அந்த அம்மா நேராகப் பின்வரிசைக்கு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். சார் பேச வாயெடுத்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். அப்படி ஒரு பழக்கம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"அம்மா, செடிய நான் மாத்துலீங்க. போன வருசப் பொங்கலுக்கு மிச்சச் சுண்ணாம்பத் தொட்டியில ஊத்துனது நாந்தானுங்க. அதுலதான் செகந்துச்சு. கெடுத்துப்போட்டது நானு. எடுக்குலீங்க."

புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். நீலக் கொத்தின் காம்பில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். கவை பிரிகிற இடம் வந்ததும் நிறுத்தினார். பிறகு கத்தரிக்காய் நிறக் கொத்திலிருந்து அதே போல இறக்கினார். அதே கவையில் வந்து விரல் நின்றது. இரண்டும் ஒரே தண்டு. மூன்றாவதையும் பார்த்தார். அவசரப்படவில்லை.

"மாறுது" என்றார்.

எழுந்திருக்கக் கையை நீட்டினார். பக்கத்தில் நான்தான் நின்றேன். பிடித்துத் தூக்கிவிட்டேன். முழுசா நீலமாக எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். இன்னொரு வருடம் என்றேன்.

"அப்ப இங்கயே இருக்கட்டுமுங்க" என்று சாரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீயே பாத்துக்க சரோஜா. வேற கை பட வேண்டாம்" என்றார். கார் போன பிறகு சார் என்னிடம், "நாளைக்கும் வாங்க" என்றார். அந்த 'நாளைக்கும்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த சித்திரையில் ஐந்து கொத்து, ஐந்தும் நீலம். அந்த அம்மா வந்து கருமத்தம்பட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர், படிகாரம், ஆவணி, பொங்கல் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். தலையாட்டினார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அதற்கு மறு வருடம் ஒரு நாள் எனக்கு போன் வந்தது. நான் வீட்டில் இருந்தேன். எடுத்ததும் நாச்சம்மாள், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். சாப்பிட்டாச்சு என்றேன்.

"சரோஜா, எங்கூட்டுல ஆரோ செடிய மாத்திப்போட்டாங்க" என்றார். "அஞ்சும் செகப்பாப் பூத்துருக்குது. வூட்டுல இருக்கறது நான் ஒருத்திதான். ஆரப் புடிச்சு வீதி கேக்கறதுன்னு தெரீல."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. படிகாரம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று மறுபடி சொன்னேன். இரு, எழுதிக்கிறேன் என்று சொல்லி எழுதிக்கொண்டார். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.